ஆர்டீ தெருவில் ஓடிய விஸ்கி: டப்ளினின் லிபர்ட்டீஸ் வட்டாரம் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

1875ஆம் ஆண்டு ஜூன் 18, வெள்ளிக்கிழமை. டப்ளின் நகரின் பழைய மதிலுக்குத் தென்மேற்கே உள்ள லிபர்ட்டீஸ் வட்டாரத்தில், ஆர்டீ தெரு முனையில் லாரன்ஸ் மலோன் என்பவருக்குச் சொந்தமான விஸ்கிக் கிடங்கு ஒன்று இருந்தது. அன்று மாலை 4.45 மணிக்கு அதை வழக்கம்போலச் சோதித்துப் பார்த்தார்கள். தவறாக எதுவும் தென்படவில்லை. இரவு எட்டு மணியளவில் கிடங்கு பற்றி எரிந்துகொண்டிருந்தது. உள்ளே 5,000 பெரிய பீப்பாய்களில் இருந்த சரக்கின் அன்றைய மதிப்பு 54,000 பவுண்டு. சூட்டில் பீப்பாய்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெடிக்க, விஸ்கி எரிந்தபடியே வாசல் வழியாக வெளியேறித் தெருச் சரிவில் இறங்கியது. அந்த ஓட்டம் சுமார் இரண்டடி அகலமும் ஆறு அங்குல ஆழமும் கொண்டிருந்ததாக அன்று பார்த்தவர்கள் சொன்னார்கள். அன்றிரவு நிகழ்ந்த இறப்புகளாகப் பதிவானவை 13. அவர்களில் ஒருவர்கூடத் தீயில் கருகியோ புகையில் மூச்சுத் திணறியோ சாகவில்லை. தெருவில் ஓடிய விஸ்கியை அள்ளிக் குடித்ததே அத்தனை பேரின் இறப்புக்கும் காரணம்.

டப்ளினில் இந்த நிகழ்வை இன்றும் சிரிப்புக் கதையாகவே சொல்கிறார்கள். சுற்றுலா வழிகாட்டிகளுக்கு இது கைவசமுள்ள சரக்கு. சிரிக்க இடமில்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் மக்கள் நெருக்கியடித்து வாழ்ந்த தெருவின் நடுவே அவ்வளவு மது ஏன் பூட்டி வைக்கப்பட்டிருந்தது, அது ஏன் அந்தத் திசையில் ஓடியது, அள்ளிக் குடித்தவர்கள் எப்படிப்பட்ட நிலையில் வாழ்ந்தவர்கள் என்ற மூன்று கேள்விகளையும் கேட்டுக்கொண்டு போனால், அந்த வட்டாரத்தின் எழுநூறு ஆண்டு வரலாறு முழுவதும் கூடவே வருகிறது.

எல்லைக்கு வெளியே

லிபர்ட்டி என்ற சொல்லை இங்கே விடுதலை என்று கொள்ளக் கூடாது. நகர மன்றத்தின் அதிகாரம் செல்லாத நிலம் என்பதே அதன் சட்டப் பொருள். நம் கல்வெட்டுகளில் வரும் சர்வமானியம் என்ற சொல் இதற்கு ஓரளவு நெருங்கி வரும். கேன்டர்பரி பேராயர் தாமஸ் பெக்கெட் 1170இல் அரசரின் ஆட்களால் வெட்டிக் கொல்லப்பட்டார்; அந்தப் பழிக்குப் பரிகாரமாக இரண்டாம் ஹென்றி அரசரின் பெயரால் 1177இல் டப்ளின் மதிலுக்கு மேற்கே புனித தாமஸ் மடம் நிறுவப்பட்டது. மடத்துக்கு நிலத்தோடு அந்த நிலத்தில் வழக்கு விசாரிக்கும் உரிமையும் கிடைத்தது. நகரில் விற்பனைக்காகக் காய்ச்சப்படும் ஏல் என்ற பியரில், ஒவ்வொரு காய்ச்சலிலிருந்தும் ஒரு பங்கைப் பெறும் உரிமையும் துறவிகளுக்குத் தரப்பட்டது. ஆக, இந்த மண்ணுக்கும் காய்ச்சும் தொழிலுக்கும் உள்ள தொடர்பு எந்த ஆலையும் எழும்புவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே தொடங்கிவிட்டது.

எட்டாம் ஹென்றியின் காலத்தில் மடங்கள் கலைக்கப்பட்டபோது, புனித தாமஸ் மடத்தின் நிலம் 1545இல் வில்லியம் பிரபசான் என்ற அதிகாரிக்குப் போய்ச் சேர்ந்தது. நிலத்தோடு அதன் தனி உரிமைகளும் கைமாறின என்பதுதான் இங்கே முக்கியம். பிரபசான் குடும்பத்தார் பின்னர் மீத் பிரபுக்கள் ஆனார்கள். மீத் தெரு, பிரபசான் தெரு என்ற பெயர்கள் இன்றும் அவர்களைச் சொல்லிக்கொண்டிருக்கின்றன. பக்கத்திலேயே பேராயருக்கு உரிய லிபர்ட்டி ஒன்றும், தேவாலயங்களுக்கு உரிய சிறிய லிபர்ட்டிகளும் இருந்ததால் வட்டாரத்தின் பெயரே பன்மையில் அமைந்தது. மீத் பிரபுவின் லிபர்ட்டிக்குத் தனி நீதிமன்றமும் தனிச் சிறையும் உண்டு. நகர எல்லையை உறுதிப்படுத்த மேயரும் கைவினைஞர் குழுவினரும் மூன்றாண்டுக்கு ஒருமுறை குதிரையேறிச் சுற்றி வரும் சடங்கு ஒன்று இருந்தது. ஊர்வலம் லிபர்ட்டி எல்லையைத் தொட்டதும் நெசவாளர்கள் வழிமறித்து மேயரின் வாளைப் பிடுங்கிக்கொண்டு, கையில் ஏதாவது கொடுத்த பிறகே திருப்பித் தருவார்களாம். விளையாட்டாக நடந்ததுதான் என்றாலும், அதிகாரம் எந்தக் கோட்டில் முடிகிறது என்பதை இரு தரப்புக்கும் அது நினைவூட்டியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இந்தத் தனி அதிகாரங்கள் சட்டப்படி ஒழிந்தன; ஆனால் அவை உருவாக்கிய தெருக்கள் அப்படியே நின்றன.

நிலத்தின் அமைப்பையும் சொல்லியாக வேண்டும். தாமஸ் தெரு ஒரு மேட்டின் மேல் ஓடுகிறது. அதன் தெற்கே நிலம் சரிந்து இறங்கும் பள்ளத்துக்குத்தான் கூம்ப் என்று பெயர்; அந்தச் சொல்லின் பொருளே பள்ளத்தாக்கு என்பதுதான். போடில் என்ற சிற்றாறும் அதன் கிளை ஓடைகளும் அந்தப் பள்ளத்தின் வழியே ஓடின. மடத்தின் மாவாலைகள் அந்தத் தண்ணீரில் சுழன்றன. ஆர்டீ தெருவிலிருந்து பிரியும் மில் தெருவின் பெயருக்கு அதுவே மூலம். பின்னாளில் சாயம் தோய்ப்பவர்களும் தோல் பதனிடுபவர்களும் சாராயம் வடிப்பவர்களும் இங்கே வந்து குவிந்ததற்கு, நகர மன்றத்தின் கெடுபிடி இல்லாததோடு இந்தத் தண்ணீரும் சேர்ந்தே காரணம்.

தறியும் மழையும்

பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கே நெசவு தழைத்தது. பிரான்சில் 1685இல் தங்கள் வழிபாட்டுரிமையை இழந்து வெளியேறிய ஹியூகனோ சீர்திருத்தச் சபையினரே இதற்கு முழுக் காரணம் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. அது பாதி உண்மை. கம்பளி நெசவைக் கொண்டுவந்தவர்களில் பெரும்பாலோர் இங்கிலாந்திலிருந்து வந்து குடியேறியவர்கள். ஹியூகனோக்களின் கை பட்டிலும், பட்டுப் பாவில் கம்பளி ஊடை ஓட்டி நெய்யும் பாப்ளினிலும் அதிகம் தெரிந்தது. தெருவைப் பார்த்த முக்கோண முகப்பும் செங்குத்தான கூரையும் கொண்ட செங்கல் வீடுகளை அவர்கள் கட்டிக்கொண்டார்கள். டச்சு பில்லி என்று டப்ளின்காரர்கள் அழைத்த அந்த வீடுகள் வீவர்ஸ் சதுக்கத்திலும் சேம்பர் தெருவிலும் வரிசையாக நின்றன. 1875இல் தீப்பிடித்த கிடங்கு இதே சேம்பர் தெருவும் ஆர்டீ தெருவும் கூடும் பகுதியில்தான் இருந்தது.

அயர்லாந்தின் கம்பளித் துணியை வெளிநாடுகளுக்கு ஏற்றுமதி செய்யக் கூடாது என்று 1699இல் இங்கிலாந்து நாடாளுமன்றம் தடை விதித்தது. 1713 முதல் 1745 வரை அருகிலிருந்த புனித பேட்ரிக் பேராலயத்தின் தலைமைக் குருவாக இருந்த ஜொனாதன் ஸ்விஃப்ட், உள்ளூர்த் துணியையே உடுத்துங்கள் என்று 1720இல் துண்டறிக்கை எழுதினார். வறுமைப்பட்ட தொழிலாளிகளுக்குச் சிறு தொகைகளை வட்டியில்லாமல் கடன் கொடுத்தும் வந்தார். அவர் இறந்த 1745ஆம் ஆண்டிலேயே கூம்பில் நெசவாளர் மன்றம் கட்டி முடிக்கப்பட்டது.

தொழிலின் பலவீனம் எங்கே இருந்தது என்பதைக் காட்ட ஒரு கட்டடம் போதும். நெய்து அலசிய கம்பளித் துணியை டென்டர் என்ற மரச்சட்டங்களில் கொக்கிகள் மாட்டி இழுத்துக் கட்டி வெயிலில் காயவைக்க வேண்டும். கூம்புக்குத் தெற்கே அதற்கென்றே விட்டிருந்த திறந்தவெளிகள் இருந்ததால், டென்டர்ஸ் என்ற பெயர் அந்தப் பகுதிக்கு இன்றும் நிலைத்திருக்கிறது. ஆனால் டப்ளினில் வெயில் ஏது? மழைக்காலம் முழுக்கத் துணி காயாது. துணி காயாவிட்டால் கூலி இல்லை. வேலை நின்ற நாள்களில் நெசவாளர் குடும்பங்கள் பட்டினி கிடந்தன. இதைக் கண்ட தாமஸ் பிளஸன்ட்ஸ் என்ற செல்வர் 1815இல் கார்க் தெருவுக்கு அருகே, அடுப்பின் சூட்டில் துணி காயவைக்கும் மூன்று மாடிக் கூடம் ஒன்றைத் தம் சொந்தச் செலவில் கட்டிக் கொடுத்தார். நல்ல உதவிதான், ஆனால் காலம் கடந்து வந்த உதவி. 1801இல் அயர்லாந்து பிரிட்டனோடு இணைக்கப்பட்ட பின், உள்ளூர் நெசவுக்குப் பாதுகாப்பாக இருந்த இறக்குமதி வரிகள் 1820களில் நீங்கின. இங்கிலாந்தின் விசைத்தறித் துணி வந்து குவிய, கூம்பின் கைத்தறிகள் பெரும்பாலும் ஓய்ந்தன.

நெசவு வீழ்ந்தது, அதனால் வறுமை வந்தது என்று இதை ஒரே கோடாக வரைந்துவிடுவது வழக்கம். என்னால் அதை அப்படியே ஏற்க முடியவில்லை. தறிகள் ஓடிக்கொண்டிருந்த 1798லேயே, புனித கேத்தரின் ஆலயத்தின் குருவான ஜேம்ஸ் வைட்லா என்பவர் வீடு வீடாக ஏறி இறங்கித் தலை எண்ணினார். பிளங்கெட் தெருவில் அடுத்தடுத்து இருந்த 32 வீடுகளில் 917 பேர் இருந்தார்கள். சராசரியாக ஒரு வீட்டுக்கு ஏறக்குறைய 29 பேர். பிரெய்த்வெய்ட் தெருவின் பாழடைந்த வீடு ஒன்றில் 108 பேர் இருந்ததையும் அவர் பதிவு செய்திருக்கிறார். ஆகவே நெருக்கடி முதலிலேயே இருந்தது. தறி நின்றதும் அந்த நெருக்கடிக்குள் இருந்த கூலியும் போயிற்று. நெசவாளர் தமக்கென்று கட்டிய வீடுகள் அறைக்கொரு குடும்பம் வாழும் ஒண்டுக்குடித்தனங்கள் ஆயின. கொல்லைப்புறத்தில் பன்றி வளர்த்து விற்பது பல குடும்பங்களுக்குத் துணை வருமானம் ஆயிற்று.

காய்ச்சும் தொழில்

நெசவு விட்ட இடத்தை மது பிடித்துக்கொண்டது. ஆர்தர் கின்னஸ் 1759இல் மேற்கு ஓரத்திலிருந்த பியர் ஆலை ஒன்றை ஆண்டுக்கு 45 பவுண்டு வாடகைக்கு 9,000 ஆண்டுக் குத்தகை எடுத்த கதை எல்லோரும் அறிந்தது. அதைவிட எனக்குப் பிடித்தது 1775இல் நடந்தது: ஆலைக்கு வந்த நீர்க்காலை அடைக்க நகர மன்றத்தார் ஆள்களோடு வந்தபோது, கின்னஸ் ஒருவன் கையிலிருந்த பிக்காசைப் பிடுங்கி எதிர்த்து நின்றார். இந்த வட்டாரத்தில் சண்டை என்று ஒன்று வந்தால் அடியில் தண்ணீர் இருக்கும்.

விஸ்கியில் டப்ளினின் நான்கு பெரும் பெயர்களில் மூன்று இங்கே இருந்தன. ஜான்ஸ் லேனில் பவர், தாமஸ் தெருவில் ஜார்ஜ் ரோ, மேரோபோன் லேனில் வில்லியம் ஜேம்சன். வடித்த விஸ்கியை உடனே விற்பதில்லை. மரப்பீப்பாயில் ஆண்டுக்கணக்கில் வைத்துப் பதப்படுத்த வேண்டும். அந்தக் காலம் முழுவதும் வரி கட்டத் தேவையில்லை, ஆனால் சரக்கு அரசின் கண்காணிப்பில், பூட்டிய பாண்டட் கிடங்கில் இருக்க வேண்டும். ஆலைக்குப் பக்கத்திலேயே கிடங்கு இருப்பது வசதி. எனவே சுற்றியிருந்த தெருக்களில், ஒண்டுக்குடித்தனங்களுக்கும் பார்லியை முளைகட்டும் மால்ட் கொட்டகைகளுக்கும் தோல் கூடங்களுக்கும் இடையே, இத்தகைய கிடங்குகள் முளைத்தன. பீப்பாயிலிருக்கும் விஸ்கி, தண்ணீர் கலந்து கடைக்கு வரும் விஸ்கி அல்ல. அதில் சாராயம் 60 சதவீதத்தை ஒட்டியோ தாண்டியோ இருக்கும்.

தீ விபத்து நடந்த அந்த ஆண்டுகளில்தான், ரோ ஆலைக் குடும்பத்தைச் சேர்ந்த ஹென்றி ரோ தம் விஸ்கி லாபத்திலிருந்து 2,30,000 பவுண்டுக்கு மேல் செலவிட்டுக் கிரைஸ்ட் சர்ச் பேராலயத்தைப் புதுப்பித்துக்கொண்டிருந்தார். புனித பேட்ரிக் பேராலயத்தைக் கின்னஸ் குடும்பம் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே புதுப்பித்து முடித்திருந்தது. இரு கோபுரங்களுக்கும் கீழே குடிநீர்க் குழாய் இல்லாத வீடுகள் கிடந்தன.

அந்த இரவு

தீயைப் பற்றி முதலில் பலரை எச்சரித்தவை பன்றிகள். கொட்டில்களில் சூடு ஏறியதும் அவை எழுப்பிய அலறல் கேட்டுத்தான் மக்கள் வெளியே ஓடிவந்தார்கள். பக்கத்து வீடு ஒன்றில் இறந்தவரின் உடலைச் சுற்றி உறவினர் விழித்திருந்தார்கள் என்றும், அவர்கள் பிணத்தையும் தூக்கிக்கொண்டு வெளியேறினார்கள் என்றும் அன்றைய செய்திகள் சொல்கின்றன. ஒண்டுக்குடித்தனத்தில் ஓர் அறையில் சாவும் அடுத்த அறையில் சமையலும் நடக்கும் நிலையில், இது நம்பக்கூடியதே. அத்தனை நெருக்கத்திலும் தீயால் ஒருவரும் சாகாமல் அந்தத் தெருக்கள் காலியானது, அண்டை வீட்டார் ஒருவரையொருவர் நன்கு அறிந்திருந்ததால்தான் என்று கருதுகிறேன்.

தீயணைப்புப் படையின் தலைவர் ஜேம்ஸ் ராபர்ட் இங்ராம். டப்ளின் தீயணைப்புப் படை 1862இல் அமைந்தது முதல் அதற்குத் தலைமை ஏற்றிருந்தவர். அதற்கு முன் நியூயார்க்கில் அனுபவம் பெற்றவர். விக்லோ மலையிலிருந்து வார்ட்ரி நீர்த்திட்டம் 1860களில் வந்துவிட்டதால், அன்று தண்ணீருக்குப் பஞ்சமில்லை. ஆனால் எரியும் விஸ்கியின் மேல் தண்ணீர் பீய்ச்சினால் தீ அணைவதற்குப் பதில், எரிந்தபடியே சரிவில் இன்னும் வேகமாக இறங்கி, கூம்பின் பள்ளத்திலிருந்த வீடுகளுக்குள் புகுந்துவிடும் என்பதை அவர் கண்டுகொண்டார். முதலில் தெருவின் கற்களைப் பெயர்த்து மணலும் சரளையும் கொட்டித் தடுக்கப் பார்த்தார். அது போதவில்லை. பிறகு வண்டி வண்டியாகக் குதிரைச் சாணத்தை வரவழைத்துத் தெருவின் குறுக்கே கரை எழுப்பினார். ஈரமும் நாரும் கலந்த சாணம் சாராயத்தை உறிஞ்சிக்கொண்டது. ஓட்டம் நின்றது, தீ மெல்ல அடங்கியது. நகரத்தின் சுகாதார அறிக்கைகள் ஆண்டுதோறும் குறை சொல்லி வந்த அதே கழிவுதான் அன்று அந்தப் பள்ளத்தைக் காப்பாற்றியது. நெருக்கடியில் ஒருவர் கைக்கெட்டிய பொருளை வைத்துச் சரியாக யோசித்ததற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டை நான் படித்ததில்லை.

கரையின் இந்தப் பக்கம் இன்னொன்று நடந்துகொண்டிருந்தது. தீ படாமல் ஓடிய விஸ்கியை மக்கள் சட்டியிலும் குவளையிலும் தொப்பியிலும், சிலர் கழற்றிய பூட்ஸிலும் அள்ளினார்கள். ஒரு குவளை விஸ்கி வாங்கக் காசு கணக்குப் பார்க்க வேண்டியவர்களின் காலடியில், ஆயிரக்கணக்கான பவுண்டு மதிப்புள்ள சரக்கு சாக்கடையை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. கடைச் சரக்குக்குப் பழகியவர்கள் பீப்பாய்ச் சரக்கின் வீரியத்தை அறியவில்லை. வெதுவெதுப்பாக, கலப்பில்லாமல், ஒரே மூச்சில் குடித்தவர்களுக்கு உடல் எச்சரிக்கும் அவகாசமே இல்லை. நினைவிழந்து விழுந்த 24 பேர் மருத்துவமனைகளுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள்.

கட்டுப்பாடற்ற குடிகாரக் கூட்டம் என்று அவர்களைப் பற்றித் தீர்ப்பு எழுதிவிடுவது சுலபம். ஆனால் தம் வீடு எரியக்கூடும் என்ற நிலையில், கையிலிருந்ததை எல்லாம் தெருவில் போட்டுவிட்டு நின்றவர்கள் அவர்கள். சாலையில் கவிழ்ந்த லாரியிலிருந்து எண்ணெய் சேகரிக்க ஓடும் மக்களைப் பற்றி நாளிதழ்கள் எழுதும் முறையை அறிந்த எவருக்கும், 1875இன் செய்திகளில் ஒலிக்கும் தொனி புதிதாக இருக்காது.

பிறகு

அதே 1875இல் தொழிலாளர் குடியிருப்புகளைச் சீரமைக்கும் சட்டம் வந்தது. கூம்பின் ஒரு பகுதியை நகர மன்றம் இடித்துத் தரைமட்டமாக்க, 1876இல் தொடங்கப்பட்ட கைவினைஞர் குடியிருப்பு நிறுவனம் 1880களின் தொடக்கத்தில் அங்கே ஏறத்தாழ 200 சிறு வீடுகளைக் கட்டியது. ரெஜினால்ட் தெரு, கிரே தெரு என்று நேர்த்தியான செங்கல் வரிசைகள்; இன்றைக்கும் பார்க்க அழகாக இருக்கின்றன. ஆனால் இடித்த வீடுகளிலிருந்து வெளியேற்றப்பட்டவர்களில் பலருக்கு அந்த வாடகை எட்டவில்லை. அவர்கள் பக்கத்துத் தெருவின் ஒண்டுக்குடித்தனங்களை இன்னும் நெருக்கமாக்கினார்கள்.

கின்னஸ் வாரிசான ஐவீ பிரபு 1890இல் அமைத்த அறக்கட்டளை, புனித பேட்ரிக் பேராலயத்தை ஒட்டி அடுக்குமாடிகள் எழுப்பியது. அங்கே தெருவோரம் பழைய துணியும் மீனும் விற்றுக்கொண்டிருந்த பெண்களுக்காக 1906இல் பிரான்சிஸ் தெருவில் ஐவீ மார்க்கெட் திறக்கப்பட்டது. பழைய துணிகளை நீராவியில் கிருமி நீக்கும் அறைகூட அதில் இருந்தது. புல் ஆலியில் 1915இல் கட்டிய சிறுவர் மையத்துக்கு, வட்டாரத்துப் பிள்ளைகள் பேனோ என்று பெயர் வைத்தார்கள். மாலையில் அங்கே போனால் ஒரு குவளை கோகோவும் ஒரு பன்னும் இலவசம். இரண்டு மூன்று தலைமுறைகளுக்கு அந்த பன்னின் ருசியே லிபர்ட்டீஸின் ருசியாக இருந்தது. மார்க்கெட் 1990களில் மூடப்பட்டு, உரிமை வழக்குகளுக்கு நடுவே கூரை ஒழுகிச் சிதைந்தது; சந்தையாக நடத்தாவிட்டால் திரும்பப் பெறலாம் என்ற பழைய பத்திரத்தைக் காட்டி, 2020இல் இன்றைய ஐவீ பிரபு அதன் பூட்டை மாற்றினார்.

விஸ்கியும் போயிற்று, திரும்பி வந்தது. ரோவும் ஜேம்சனும் 1920களில் நின்றன. பவர் ஆலை 1970களில் மூடப்பட்டு, 1980இல் அங்கே தேசியக் கலைக் கல்லூரி குடியேறியது. 2015இல் நியூமார்க்கெட் சதுக்கத்தில் டீலிங் ஆலை திறந்தபோது, டப்ளினில் 125 ஆண்டுகளுக்குப் பிறகு வரும் முதல் புதிய விஸ்கி ஆலை என்று அதை அறிவித்தார்கள். ஆர்டீ தெரு அங்கிருந்து சில நிமிட நடை. சேம்பர் தெருவின் முக்கோண முகப்பு வீடுகளில் ஒன்றும் இன்று இல்லை. அவற்றைப் பழைய புகைப்படங்களில்தான் பார்க்க முடியும். சுற்றிலும் விடுதிகளும் மாணவர் குடியிருப்புகளும் எழுந்திருக்கின்றன. மீத் தெருவில் மட்டும் இன்னும் பெண்கள் நடைபாதையில் பழமும் பூவும் வைத்து விற்கிறார்கள்.

போடில் இப்போது முழுக்கத் தரைக்கு அடியில் ஓடுகிறது. மில் தெருவின் கீழாகவும் பேராலயத்தின் அருகாகவும் போய், கோட்டையைச் சுற்றிக்கொண்டு வெலிங்டன் கரையில் லிஃபி ஆற்றில் கலக்கிறது. கடல் வற்றம் இருக்கும் நேரத்தில் எதிர்க்கரையில் நின்றால், கற்சுவரில் இரும்புக் கம்பிகளுக்குப் பின்னே அதன் வாயைப் பார்க்கலாம். 1875 ஜூன் 18 இரவு யார் கைக்கும் சிக்காமல் சாக்கடையில் இறங்கிய விஸ்கிக்கும் பெரும்பாலும் அதுவே வழியாக இருந்திருக்கும்.